அணில்பிள்ளை வீடு திரும்பும் இடம்

"அணில் வீட்டுக்குப் போயிருச்சு. நான் எப்போ போவேன்?"

கதை முடிந்த மறுநொடியே ஆறு வயதுப் பிள்ளை கேட்டது இது. கதை சொன்னவர், "நீயும் சீக்கிரமே போயிருவ கண்ணு" என்றார். பிள்ளை தலையாட்டியது. வேறெதுவும் கேட்கவில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நொடி இருக்காது. குழந்தைகள் வார்டில் கதை சொல்லும் வேலையில் இதைவிடக் கடினமான கேள்விகள் வந்துபோயிருக்கின்றன. உறுத்திக்கொண்டே இருப்பது இந்தப் பதில்தான். அது தவறு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

கதையில் குறை காண முடியாது. மழையில் கிளை முறிந்து விழுந்த அணில்பிள்ளைக்குக் கால் வலி. மரங்கொத்தி தன் பொந்தில் இடம் கொடுக்கிறது. மூன்று இரவு. ஒவ்வொரு இரவும் "யாரு அங்கே?" "நான்தான், பக்கத்துலதான் இருக்கேன்" என்று ஒரே வரி திரும்ப வரும். நான்காம் நாள் அம்மா வந்து கூட்டிப்போகிறது. சொல்ல 12 நிமிடம். நாலிலிருந்து ஆறு வயதுக்கு அதற்கு மேல் நீட்டக்கூடாது; மருந்து உள்ள பிள்ளை எட்டாவது நிமிடத்திலேயே கண் சொருகும். ஒவ்வொரு இரவின் முடிவும் ஒரு நிறுத்தம். நர்ஸ் ஊசியோடு வந்தாலும், ஸ்கேனுக்கு அழைத்தாலும், அணில் பொந்துக்குள் பத்திரமாக இருக்கும்போதே கதையை விட்டுப்போகலாம். கிளை முறியும் இடத்தில் பாதியில் விட்டால் அந்தப் பயத்தோடுதான் பிள்ளை ஸ்கேன் அறைக்குள் போகும்.

கட்டிலுக்குப் போகும் முன் நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். காலையில் ஆபரேஷன் யாருக்கு? யார் வெறும் வயிற்றில் இருக்கிறார்கள்? வெறும் வயிற்றுப் பிள்ளைக்குச் சொல்லும் கதையில் அணில் பழம் தின்னக்கூடாது. யாராவது செத்துப்போனதைத் 'தூங்கிட்டாங்க' என்று மென்மையாக்குவதும் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது அதே 'தூங்கப்போறே' என்ற சொல்தான் பிள்ளையின் காதில் விழப்போகிறது. அணிலுக்குப் பிள்ளையின் பெயரையோ நோயையோ வைப்பதில்லை. அணில் தூரத்தில் இருந்தால்தான் பிள்ளை தன் பயத்தை அதன்மேல் ஏற்றிவைத்துப் பார்க்க முடியும்.

இன்னொரு கண்ணி ஆபத்தானது. நாலைந்து வயதில், தான் செய்த குறும்பால்தான் நோய் வந்தது என்று பிள்ளைகள் நம்புவது சாதாரணம். 'சமத்தாக மருந்து சாப்பிட்டது, அதனால் குணமாகி வீட்டுக்குப் போனது' என்று கதை சொன்னால், பக்கத்துக் கட்டிலில் மூன்று வாரமாகப் படுத்திருக்கும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? ஆறுதல் கதை குத்திவிடும் இடம் இதுதான். அதனால்தான் இந்த அணில் சமத்தும் இல்லை, அடமும் இல்லை. கால் சரியானதும் கிளம்புகிறது, அவ்வளவுதான்.

ஆக, கதையில் பார்த்துப் பார்த்து விலக்கிய வாக்குறுதியை ஒற்றை வரிப் பதில் கொடுத்துவிட்டது. உறுத்துவது அதுதான்.

ஆனால் அந்த இடத்தில் வேறென்ன சொல்லியிருக்கலாம்? "எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட அம்மாவோட சேர்ந்து கேட்போம்" என்பதே பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது. நேர்மையான பதில். ஆனால் அது கேள்வி வந்த வேகத்திலேயே வர வேண்டும். பெரியவர் நாலு நொடி தயங்கினால், அந்தத் தயக்கத்தையே பதிலாகப் படித்துவிடும் பிள்ளை. "அதுவரைக்கும் தினமும் கதை சொல்றேன்" என்று சேர்க்கவும் முடியாது. கதைசொல்லி வருவது வாரம் இரண்டு நாள். தயங்காமல் வந்த ஒரு பொய் நல்லதா, திணறி வந்த ஓர் உண்மை நல்லதா என்று யோசிக்கிறபோதெல்லாம் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பக்கம் சாய்கிறேன்.

சந்தோஷ முடிவே ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதையை முடித்து, கீழே ஒரு நீதியையும் எழுதினார் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ, அது 1697. ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்டதில் வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு எடுக்கிறான். பிள்ளைகளிடம் அதிகம் நிலைத்தது வேடன் வரும் கதை. அவர்களுக்கு ஓநாய் தெரியாமல் இல்லை. வயிற்றுக்குள்ளிருந்தும் வெளியே வரலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

2021-ல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 81 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கதையும் மற்றவர்களுக்கு விடுகதையும் சொன்னார்கள். சுமார் அரை மணி நேரம். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்துப் பார்த்ததில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் இரு குழுவிலும் குறைந்திருந்தது; கதை கேட்டவர்களிடம் கூடுதலாக. வலியும் அவர்களுக்கு அதிகம் தணிந்தது. நர்ஸ், ஆஸ்பத்திரி போன்ற படங்களைக் காட்டிக் கேட்டபோது நல்ல விதமாகப் பேசியதும் அவர்களே. இரு பக்கமும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படியும் கதைக்கென்று தனியாக ஒரு பலன் இருந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை அடுத்த முறையும் அணில் கதையையே கேட்டது. மூன்றாவது இரவு முடிந்ததும், "போதும்" என்றது. அம்மா வரும் கட்டம் அன்று சொல்லப்படவில்லை. தூக்கம் வந்திருக்கலாம். மாலை மருந்தாகவும் இருக்கலாம். அதற்குள் பெரிய அர்த்தம் தேடுவது பெரியவர்களின் பழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தேடாமலும் இருக்க முடியவில்லை.

அதன்பிறகு சில வாரம் முடிவு மாற்றப்பட்டது. வீடு திரும்புவதை எடுத்துவிட்டு, அம்மா பொந்துக்கே வந்து அணிலின் பக்கத்தில் படுத்துக்கொள்வதாக. வாக்குறுதி கிடையாது, துணை மட்டும். யோசித்துச் செய்த மாற்றம், சரியென்றுதான் பட்டது. சொல்லி நிறுத்தியதும் பிள்ளைகள் "அப்புறம்?" என்றார்கள். கட்டிலுக்குக் கட்டில் அதே கேள்வி. "அவ்வளவுதான்" என்றால் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

இப்போது நான்காம் நாள் காலை மறுபடியும் அம்மா வருகிறது, அணிலைக் கூட்டிப்போகிறது. கதைசொல்லி கிளம்பும் முன் டாக்டர் ரவுண்ட்ஸ் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். "நான் எப்போ போவேன்?" என்று யாராவது கேட்டால் கையோடு சொல்ல ஒரு நேரமாவது இருக்க வேண்டும்.