தாம்பரம் டு பீச், ஐந்து சொல்

தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் ஐந்து ஆங்கிலச் சொற்கள். அதுதான் என் கணக்கு. கிண்டியில் கூட்டம் ஏறிவிட்டால் மூன்றோடு சரி.

நேற்று 'செரண்டிபிட்டி'. தேடாமலே நல்லது ஒன்று கையில் சிக்குவது. 1754இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்தான் வேர். அடடா, பக்கத்து வீட்டுச் சரக்கு! அப்புறம் 'செரூட்'. அது நம்ம சுருட்டேதான். அதற்குப் போய் அர்த்தம் மனப்பாடம் செய்தேன் பாருங்கள்.

'நான்ப்ளஸ்ட்' மட்டும் மனதில் ஒட்டமாட்டேன் என்கிறது. திகைத்து நிற்பது என்று பொருள். ஆபீஸ் மீட்டிங்கில் 'அசரவில்லை' என்ற அர்த்தத்தில் சொல்லித் தொலைத்தேன். அமெரிக்காவில் அப்படியும் புழங்குகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அசல் நான்ப்ளஸ்ட்.