கூரை வழியா வர்ற ம்யூவானும் என் ரிலேட்டிவிட்டி கிளாஸும்

ஸ்பெஷல் ரிலேட்டிவிட்டி, அதாவது வேகமா ஓடுறப்போ நேரமும் தூரமும் பார்க்கறவங்களைப் பொறுத்து மாறும்ங்கற ஐன்ஸ்டீன் தியரி, எடுக்கறப்போ நான் ராக்கெட் உதாரணம் பக்கமே போறதில்ல, நேரா பசங்களை லேபுக்கு கூட்டிட்டு போய் ம்யூவான் டிடெக்டர் முன்னாடி நிக்க வச்சிடுவேன். ம்யூவான்னா எலக்ட்ரான் மாதிரியே, ஆனா அதைவிட கனமான ஒரு துகள். துகள் பாய்ஞ்சா மினுக்குனு ஒளி விடற ஒரு பிளாஸ்டிக் சின்டிலேட்டர், அந்த ஒளியை மின்துடிப்பா மாத்துற, அதோட ஒட்டின போட்டோமல்டிபிளையர், துளி வெளிச்சம் உள்ள போகாம சுத்தி சுத்தி ஒட்டின கருப்பு டேப், அவ்ளோதான். லைட்டை அணைச்சிட்டு டேப் மேல டார்ச் அடிச்சுகிட்டே வருவோம், எங்க கவுன்ட் சட்டுனு எகிறுதோ அங்க இன்னொரு சுத்து டேப்.

ம்யூவான் பிறக்கறது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துல, காஸ்மிக் கதிர் காத்துல மோதுறப்போ. சராசரி ஆயுசு 2.2 மைக்ரோசெகண்ட். ஒளியோட வேகத்துலயே ஓடினாலும் அதுக்குள்ள 660 மீட்டர் தான் தாண்டும், அப்போ கீழ ஒண்ணுமே வந்து சேரக்கூடாது இல்லையா, ஆனா உள்ளங்கையை நீட்டினா செகண்டுக்கு ஒண்ணாவது அது வழியா போய்கிட்டு இருக்கு. கவுன்டர் ஓடுறத கண்ணால பார்த்தப்புறம் யாரும் இது சும்மா தியரின்னு சொல்றதில்ல.

அப்புறம் தான் ஃப்ரிஷ், ஸ்மித்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 1963ல வெளியிட்ட சோதனை. அமெரிக்காவுல மவுண்ட் வாஷிங்டன் மேல, 1900 மீட்டர் உயரத்துல, ஒரு குறிப்பிட்ட வேகத்துல வர்றத மட்டும் எண்ணினா மணிக்கு 563 ம்யூவான். கடல்மட்டத்துக்கு வந்து எண்ணினா 408. ரிலேட்டிவிட்டி இல்லாத சாதா கணக்குப்படி சுமாரா 30 தான் தேறணும். வேகமா ஓடுற ம்யூவானோட கடிகாரம் நம்ம பார்வையில ஸ்லோவா ஓடுறதால தான் இத்தனை உயிரோட கீழ வருது. என்ன ஒரு அழகான ரிசல்ட்!

ஒரு பொண்ணு கேட்டா, "சார், அப்போ தன்னோட கடிகாரம் ஸ்லோவா ஓடுதுன்னு ம்யூவானுக்கு தெரியுமா?" எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. தெரியாதும்மா, அதுக்கு தன் ஆயுசு எப்பவும் அதே 2.2 தான், அது நிக்குது, மலை தான் ஒளிவேகத்துல 99.5 சதவீதத்துல அதை நோக்கி பாய்ஞ்சு வருது, அந்த வேகத்துல 1900 மீட்டர் மலை அதுக்கு 200 மீட்டர் கிட்ட தான் தெரியும், முக்கால் மைக்ரோசெகண்டுக்குள்ள கடந்து போயிடும், இன்னும் கேட்டா நம்ம கடிகாரம் தான் ஸ்லோன்னு அது சொல்லும். யார் சரின்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டு பேரும் தான். நேரத்துலயும் தூரத்துலயும் ஒத்துப்போக மாட்டாங்க, ஆனா கீழ எத்தனை வந்துச்சுங்கறதுல சண்டையே கிடையாது, ரெண்டு கணக்குலயும் 408 தான்.

சிலபஸ்ல இந்த இடம் அரை பக்கம் கூட இல்ல, எனக்கு அது பெரிய வருத்தம். அதனால இன்டர்னல் டெஸ்ட்ல ம்யூவான் பக்கத்துல இருந்து கணக்கை போடுன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வைப்பேன். ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணவங்க 2.2ஐ எதாலயாவது பெருக்கிட்டு முழிப்பாங்க, புரிஞ்சவங்க மலையை சுருக்கி ரெண்டே வரியில முடிச்சிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க.