புள்ளிக்குப் புள்ளி சேர்ந்தது, வண்டிதான் ஓடவில்லை

அப்பாவின் அம்பாசடர் போன வாரம் ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் வீணாய்ப்போன நான்கு நாளை நினைத்தால் இன்னும் எரிகிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நான்கு நாளாவது மிஞ்சட்டும்.

இன்ஜின் ஆயில் குடித்ததால் பிரித்தேன். லேத்தில் சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, 20 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன். ஒரு வாரம் என்றார்கள், மூன்று வாரம் இழுத்தார்கள். பேரிங், ரிங், பிஸ்டன் எல்லாம் தொல்லையில்லாமல் ஏறின. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) சக்கரத்தின் புள்ளியும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சக்கரத்தின் புள்ளியும் எதிரெதிரே பார்க்கும்படி டைமிங் செயினை மாட்டினேன். கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் புஷ்ராடு கம்பிகளைக் கழற்றிய வரிசையிலேயே செருப்பு டப்பா மூடியில் எட்டு ஓட்டை போட்டுச் செருகி வைத்திருந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கோட்டை விட்டது, பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில். அதைச் சுற்றும் கியர் தண்டை இறக்கும்போது முதல் பிஸ்டன் டாப்பில், அதாவது உச்சியில், நிற்க வேண்டும். புல்லியின் வெட்டை டைமிங் கவர் முள்ளுக்கு நேரே கொண்டுவந்தேன். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டும் பார்த்தேன், பிஸ்டன் டாப்பில்தான் இருந்தது. தண்டை இறக்கி, சிலிண்டர்கள் வெடிக்கும் 1-3-4-2 வரிசையில் ஒயரை மாட்டி, செல்ஃப் அடித்தேன்.

கார்புரேட்டர் வழியாக ‘பட்’டென்று ஒரு வெடி. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை முடி பொசுங்கியது. பிளக்கில் ஸ்பார்க் இருந்தது, பெட்ரோல் வந்தது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துத் துடைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டன்சர்தான் போச்சு என்று நானே முடிவுகட்டி, அதற்காக மதுரைக்கு பஸ் ஏறினேன். புது கண்டன்சரிலும் அதே வெடி.

நான்காம் நாள், தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டேன். தொழிலை விட்டுப் பல வருஷமாகிறது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “டாப்புன்னா எந்த டாப்பு தம்பி?” என்றார்.

அங்கேதான் விழித்தேன். கேம் ஒருமுறை சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றிவிடும். பிஸ்டனும் இரண்டு முறை மேலே வரும்: கம்ப்ரஷன் முடிவில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் ஒன்று. புல்லி வெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பாய் முதல் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, என்னை ஹேண்டில் போடச் சொன்னார். ஒருமுறை வெட்டு முள்ளுக்கு வந்தது, விரலில் காற்றே இல்லை. இன்னொரு சுற்றில் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. “இதுதான் டாப்பு.” அப்புறம் நான்காவது சிலிண்டரின் ராக்கர்களை, அதாவது வால்வுகளை அழுத்தும் கைகளை, காட்டினார். 7, 8-ஆம் வால்வுகள் இரண்டும் ஒன்று மூட, ஒன்று திறக்கத் தொடங்க, சீசா மாதிரி ஆடின. “நாலு ஆடுறப்பத்தான் ஒண்ணு வெடிக்கும்.” இதைப் பார்த்திருந்தால் மதுரை பஸ் மிச்சம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஒயர் மாற்றிப் போட்டார். இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. அப்படியே விடவும் மனமில்லை. அடுத்து கைவைப்பவன் என்னைத் திட்டுவான். மறுநாள் 5/16 போல்ட்டைத் தண்டில் முறுக்கி வெளியே இழுத்து, சரியான டாப்பில் இறக்கினேன்.

அடுத்தது ‘டக்டக்’ சத்தம். டேப்பெட்டுக்கு, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளிக்கு, 15 தௌ வைத்துத்தான் இருந்தேன். ஆனால் தேய்ந்த ராக்கர் முனையில் சின்னப் பள்ளம். இடைவெளி அளக்கும் தட்டையான பீலர் கேஜ் தகடு அதன்மேல் பாலம் போட்டு நின்றதால், பள்ளத்தின் ஆழமும் இடைவெளியில் சேர்ந்துவிட்டது. மோசமான மூன்று ராக்கர்களை மாற்றினேன். பாய் சொன்ன ஒன்பது கணக்கும் கைகொடுத்தது: எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ, அந்த எண்ணை ஒன்பதில் கழித்தால் வருகிற வால்வை அட்ஜஸ்ட் செய்யலாம். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. லாக் நட்டை இறுக்கியபின் கேஜை மறுபடி விட்டுப் பாருங்கள். திருகும் கூடவே சுற்றி ஏமாற்றும்.

500 கிலோமீட்டரில் ஹெட் நட்டை மறுபடி டார்க் வைத்து (குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கி), டேப்பெட்டும் பார்க்க வேண்டும். இப்போது 140 ஓடியிருக்கிறது. ராக்கர் கவர் கார்க் மட்டும் ஒழுகுகிறது. போர்ட்டிகோவில் அட்டை விரித்திருக்கிறேன், அம்மா கண்ணில் படாமல்.