மூணா, நாலா?

"சார், மூணா நாலா? ஒரே நம்பரா சொல்லுங்க" என்றார் போனில் கல்லீரல் டாக்டர். ஊசியால் எடுத்த ஈரல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தழும்பு எந்த நிலை என்று சொல்வது என் வேலை. மூணு என்றால் தழும்பு பாலம் போட்டிருக்கிறது; நாலு என்றால் சிரோசிஸ், ஈரலே தழும்பு சூழ்ந்த முடிச்சுகளாகிவிட்டது. "மூணு" என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது.

ஸ்லைடில் இருந்த துண்டு 11 மில்லிமீட்டர். போர்டல் டிராக்ட், அதாவது ஈரலுக்குள் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் பாதை, ஐந்துதான் தேறியது. 20 மில்லிமீட்டர் நீளமும் 11 டிராக்டும் இருந்தால் நம்பிச் சொல்லலாம். ஊசியில் வருவதே கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சிரோசிஸில் ஊசி முடிச்சுக்குள்ளேயே போய் வந்தால் தழும்பு தெரியாது. துண்டு உடைந்து, ஓரத்தில் மெல்லிய நார் மட்டும் ஒட்டியிருக்கும். இதிலும் இரண்டு இடத்தில் அப்படி ஒட்டியிருந்தது.

மூன்று என்றதற்கும் காரணம் உண்டு. ட்ரைக்ரோம் சாயத்தில், மையச் சிரையைச் சுற்றி, செல்களுக்கு நடுவே கோழிக்கூட்டுக் கம்பிவலை போல நீலமாகக் கொலாஜன் என்னும் தழும்பு நார். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஈரலில் தழும்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அங்கிருந்து டிராக்ட் வரை பாலம் போட்டிருந்தது. முழுக்கச் சூழப்பட்ட முடிச்சு ஒன்றுகூட இல்லை. பார்க்காததை எப்படி எழுதுவது?

ஆனால் மூணு, நாலு என்று ஈரலில் படிக்கட்டு கிடையாது. தழும்பை உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல், சைனுசாய்டு என்னும் நுண் ரத்தக்குழாயின் சுவருக்கும் ஈரல் செல்லுக்கும் இடையிலுள்ள டிஸ்ஸே இடைவெளியில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஈரல் செல் ஓயாமல் அடிபட்டால், ஈரலின் காவல் செல்லான குப்ஃபர் செல் முதலியவை விடும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் ஸ்டெல்லேட் செல்லை உருமாற்றும். வைட்டமினை இழந்து, சுருங்கும் தன்மை பெற்று, கொலாஜனைக் கொட்டத் தொடங்கும். கொலாஜனைக் கரைக்கும் நொதிகளையும் டிம்ப்-1 என்ற புரதத்தை விட்டுக் கட்டிப்போடும். சைனுசாய்டின் துளைகள் தூர்ந்துபோகும், ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்டல் சிரையில் அழுத்தம் ஏறும்.

காயம் நின்றால் இது பின்னோக்கியும் நடக்கும். பாலம் மெலியும், நடுவில் அறும். நோயாளி ஓராண்டில் 12 கிலோ குறைத்திருப்பதாகத் தாளில் எழுதியிருந்தது. அப்படியானால் நான் பார்த்தது நாலை நோக்கிப் போகும் மூன்றா, நாலிலிருந்து இறங்கி வருவதா? ஒரு துண்டை வைத்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நாலு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கு ஸ்கேன், உணவுக்குழாய் நாளப் புடைப்புக்குச் சோதனை. மூன்று என்றால் இவை பல இடங்களில் தள்ளிப்போகும்.

ரிப்போர்ட்டில் சரியாகத்தான் எழுதினேன்: "11 மி.மீ., 5 டிராக்ட், உடைந்த துண்டு. குறைந்தபட்சம் நிலை 3. 4 இல்லையென்று சொல்ல முடியாது." அது அவர் கைக்குப் போனது மறுநாள் மாலை. போனில் கேட்டதைக் கேஸ் ஷீட்டில் அன்றே குறித்துக்கொண்டிருப்பார்.