நயினாதீவில் கும்பிட்டுவிட்டு ஊரையும் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குப் போகும் வழியே ஒரு யாத்திரைதான். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, அப்புறம் கடலுக்குக் குறுக்கே போட்ட சாலையான வாணர் தாம்போதி தாண்டிப் புங்குடுதீவு, அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை, அதோடு தரைவழி முடிகிறது. அங்கிருந்து படகு. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, ஆழமில்லாத கடல்தான், ஆனால் காற்று எழுந்தால் நன்றாக ஆட்டும். நாகபூஷணி அம்மன் கோயில் கோபுரம் தெரிந்ததும் படகில் இருந்தவர்கள் கை கூப்பினார்கள், என் கையும் தானாகவே குவிந்தது.

அம்மனுக்குப் பூக்கொண்டு பக்கத்துப் புளியந்தீவிலிருந்து நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தபோது, அது ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டதாம். கடல்வழி வந்த மாநாய்கன் என்ற வணிகன் இரண்டுக்கும் நடுவே நின்று நாகத்தைக் காப்பாற்றி, பிறகு கோயிலும் எழுப்பினான் என்பது தலவரலாறு. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் நாகபூஷணி முன் நிற்பதைப் பார்த்தால் மனம் கரைந்துவிடும். ஆனி மாதத்தில் 16 நாள் திருவிழா, அப்போது கூட்டம் சொல்லி முடியாது.

அன்னதான மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அமுதசுரபி என்ற அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலர் நம்புகிறார்கள், அந்தப் பெயரின் கீழ் இலை போட்டுச் சாப்பிட்டது எனக்குப் பெரிய பாக்கியம்.

பலர் கும்பிட்டுவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். தீவின் பரப்பே நாலு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், நடந்தே பார்க்கலாம். தெற்கே கொஞ்சத் தூரத்தில் சிங்கள மக்கள் வணங்கும் நாகதீப விகாரை, ஊருக்குள் பள்ளிவாசலும் உண்டு. பனைகளும் வேலி அடைத்த வளவுகளுமாக ஒழுங்கைகள் போகின்றன, பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கண்ணில் படும். ஆறு என்று ஒன்று கிடையாது, மழை நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாய் நிற்பதைத்தான் கிணற்றில் அள்ளுகிறார்கள், அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். ஆகவே தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், வெறும் போத்தலைத் தீவில் எறியாமல் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கோயிலில் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு யானை, குதிரை கொண்டு வரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்கிறது அது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.