வேலையில் இருந்துகொண்டே எம்.ஏ. இசை

தொலைநிலைக் கல்வியில் இசை முதுகலை படிக்கப்போகிறேன் என்றதும் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பாட்டைத் தபாலில் எப்படிக் கற்றுத்தருவார்கள்?" நியாயமான கேள்வி. கற்றுத்தர மாட்டார்கள். ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்களுக்கான படிப்பு இது. தொண்டையில் இருக்கும் சங்கீதத்துக்கு இலக்கணமும் கணக்கும் வரலாறும் இங்கே கிடைக்கும். குரலுக்கு ஆசிரியர் தனியாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு சேருகிறவர்களுக்கு இது அருமையான படிப்பு என்பேன்.

நான் புதுக்கோட்டையில் கணித ஆசிரியை. இளங்கலையும் கணிதம்தான். சிறுவயதில் தொடங்கிய வாய்ப்பாட்டை விடாமல் வைத்திருந்தேன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசை லோயர், ஹையர் இரண்டும் தேறியிருந்தேன். நான் சேர்ந்த இடத்தில் ஏதேனும் ஒரு பட்டமும் ஹையர் சான்றிதழும் போதுமானவையாக இருந்தன. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடத்துக்கு, சேரும் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்க வேண்டும். அனுமதி பெற்ற படிப்பென்றால் அந்தப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022-இல் அறிவித்திருக்கிறது.

பாடப் புத்தகங்கள் தாமதமாக வந்தன. வந்தவையும் சுருக்கமாகவே இருந்தன. அதனால் நூலகத்தில் இசையியல் அறிஞர் சாம்பமூர்த்தியின் தொகுதிகளையும், சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியின் தமிழாக்கத்தையும் எடுத்துப் படித்தேன். ஸ்வரத்துக்கு ஸ்வரம் கமகக் குறியீடு (ஸ்வரத்தை அசைக்கும் விதத்துக்கான குறி) போட்டு எழுதப்பட்ட நூல் அது. ஒரு கீர்த்தனையை அதிலிருந்து பார்த்துப் பாட முயன்றபோதுதான், எழுத்தில் எவ்வளவு அடங்கும், எது அடங்காது என்பது பிடிபட்டது.

எனக்குப் பெரிய வேலை வைத்தது ராக லட்சணத் தாள், அதாவது ராகங்களின் இலக்கணத்தை எழுதும் தாள். ஆரபியையும் தேவகாந்தாரியையும் வேறுபடுத்திக் காட்டுக என்று கேட்பார்கள். இரண்டும் 29-ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் ஜன்யங்கள், அதாவது அதிலிருந்து பிறந்த ராகங்கள். இரண்டுக்கும் ஒரே ஆரோகண அவரோகணம். ஸரிமபதஸ் என்று ஏறி, ஸ்நிதபமகரிஸ என்று இறங்கும். காதால் கேட்டால் ஒரு கணத்தில் சொல்லிவிடலாம். ஆனால் விடைத்தாளில் காது உதவாது. ஆரபியில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) பட்டும் படாமலும் போகும். நடையில் ஒரு விரைவு இருக்கும், கனராகப் பஞ்சகம் எனப்படும் ஐந்து ராகங்களில் அதுவும் ஒன்றல்லவா. தேவகாந்தாரி நிதானமாக அசைந்து அசைந்து போகும். இதைச் சஞ்சாரங்களோடு, அதாவது ராகத்தைக் காட்டும் ஸ்வரக் கோவைகளோடு, எழுத வேண்டும். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு பிடியைப் பாடுவேன், எழுதுவேன், எழுதியதைப் பார்த்து மறுபடியும் பாடுவேன். எழுதியபடி பாடினால் பல நேரம் வேறு ராகம் போலக் கேட்கும். நீட்டல் குறியை மாற்றி, கமகத்தை மாற்றி, மறுபடியும் பாடுவேன். இந்தப் பழக்கம் என் பாட்டையே மாற்றியது. வெறுமனே கடந்துபோய்க்கொண்டிருந்த ஸ்வரங்களில் நின்று கேட்கத் தொடங்கினேன்.

72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) கணக்கு எனக்குச் சர்க்கரை. அதை வகுத்த வேங்கடமகியின் அமைப்பைப் பள்ளியில் சேர்மானங்கள் நடத்தும்போது எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் ராகப் பெயரின் எழுத்துகளிலிருந்து மேள எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதியில் தமிழில் படிக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சங்கராபரணத்தின் மேளப் பெயரான தீரசங்கராபரணத்தின் முதலெழுத்துக்கு மதிப்பு 9. தமிழில் 'தீ' என்று மட்டும் எழுதிப் படித்தால் 6, 7, 8, 9 என நான்கில் எது என்று தெரியாது. ராகப் பெயர்களைக் கிரந்த உச்சரிப்போடு ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

வரலாற்றுத் தாளில் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு வந்தது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். ஒரு ஞாயிறு புத்தகத்தோடு போனேன். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதிகளாக, கிரந்த எழுத்தில் வெறும் ஸ்வரங்கள். நான்கு நான்காகக் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஸ்வரம் ஸ, ஸி, ஸு, ஸெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. முடிவில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". யாழின் நரம்புகளைச் சொல்வதாக ஒரு விளக்கம் உண்டு. பாடப் புத்தகம் இது மகேந்திரவர்மன் செய்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தது. கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை. ருத்ராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது. தேர்வில் அப்படியே விளக்கி எழுதினேன். ஏழாம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் பயிற்சி ஸ்வரத்தைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்குப் பெரிதாக நினைத்திருக்கிறார் என்பது இன்றுவரை எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

செய்முறைத் தேர்வுக்கு ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தையும் ஒரு பல்லவி வரியையும் விரிவாகப் பாடுவது) தயார் செய்ய வேண்டும். கல்யாணியில், ஆதி தாளத்தில் எடுத்துக்கொண்டேன். அனுலோமத்தில் தாளம் மாறாது, பல்லவியின் காலம் மாறும்; கீழ்க்காலத்தில் ஒரு முறை பாட இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) பிடிக்கும், மேல்காலத்தில் ஒரே ஆவர்த்தனத்துக்குள் இரண்டு முறை அடங்கும். காகிதத்தில் இதெல்லாம் சுலபம். பாடும்போது அருதி (பல்லவி வரி இடையில் நிற்கும் இடம்) வரும்போது தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு டீச்சர் கேட்டுவிட்டு, "உன் கைதான் தாளம் போடுகிறது, நீ போடவில்லை. கையை எடுத்துவிட்டுப் பாடு" என்றார். கை தட்டாமல், அவர் போடும் தாளத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பாடிப் பாடித்தான் நிலைப்பட்டது. பாடநூலைக் கொண்டு மட்டும் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. அருகில் ஆசிரியர் இல்லாதவர்கள் மிருதங்கம் வாசிக்கும் ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

வார இறுதி நேர்முக வகுப்புகளைத் தவறவிடாதீர்கள். வருகைப் பதிவுக்காக மட்டும் சொல்லவில்லை. என்னோடு ஒரு நாகஸ்வரக் கலைஞர், வீணை ஆசிரியை, கோயில் ஓதுவார் ஒருவர் எல்லாம் படித்தார்கள். உணவு இடைவேளையில் நாகஸ்வரக்காரர் வாயாலேயே தேவகாந்தாரி ஆலாபனை செய்து காட்டினார். என் லட்சணக் குறிப்பில் பாதியை அன்று மாலை திருத்தி எழுதினேன்.

செய்முறைத் தேர்வில் பல்லவி முடிந்ததும் தேர்வாளர் ஒருவர் ஆரபி பாடச் சொன்னார், நடுவில் நிறுத்தி, தேவகாந்தாரிக்கு வரச் சொன்னார். எந்த ஸ்வரத்தில் மாற்றினீர்கள் என்று கேட்டார். மாற்றியது ஸ்வரத்தில் இல்லை, நின்ற இடத்திலும் அசைவிலும் என்று பாடிக்காட்டினேன். தலையாட்டினார்.

பட்டம் கைக்கு வந்துவிட்டது. தேவாரத்தின் பழைய ராகங்களான பண்களைப் பற்றிப் புத்தகத்தில் தக்கேசி என்றால் காம்போதி, கொல்லி என்றால் நவரோஜ் என்று ஒரு பட்டியலாகத்தான் படித்தேன். அது எனக்குப் போதவில்லை. கூடப் படித்த ஓதுவார் ஐயாவிடம் இப்போது தேவாரம் பாடம் கேட்கிறேன். தக்கேசியில் தொடங்கியிருக்கிறார்.