குரூப் 4 எழுதப் போகும் திருநங்கைகளுக்கு

2022 ஜூலை 24 அன்று நான் முதல் தடவை டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதினேன். சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஹால் டிக்கெட்டில் அப்பா வைத்த பெயரும், மீசை அரும்பிய காலத்துப் போட்டோவும் இருந்தன. வாசலில் சோதனைக்கு ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் நின்றேன். ஹால் டிக்கெட்டைப் பார்த்தவர் ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார். அங்கே போனால், என் முகத்தைப் பார்த்தவர், "அந்தப் பக்கம் போம்மா" என்றார்.

ஒருவழியாக உள்ளே போனால், அறைக் கண்காணிப்பாளர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் என் பழைய பெயரை அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்து, "இது நீங்கதானா?" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. எழுத விட்டார்கள், ஆனால் கை நடுக்கம் அடங்கவே அரை மணி நேரம் ஆனது. 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்தான் தருவார்கள். கடைசி 14 கணக்குகளைக் குருட்டாம்போக்கில் நிரப்பிவிட்டு வெளியே வந்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அதனால்தான், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் தங்கைகளிடம், முதலில் காகிதங்களைச் சரி செய்யுங்கள் என்கிறேன்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் மாற்ற நேராகப் போய் நின்றேன். நாலு தடவை அலையவிட்டார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் திருநங்கைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கையில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். நான் அதற்கு 2023-இல் இணையத்தில் விண்ணப்பித்தேன். அப்போது உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், மருத்துவச் சான்று கேட்கவில்லை. அப்புறம் ஆதார், அதன்பின் அரசிதழில் பெயர் மாற்றம், கடைசியாக டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவில் திருத்தம். எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அறிவிக்கை வந்தபிறகு ஆரம்பித்தால் கதை கந்தல். திருநங்கையர் நலவாரிய அட்டை இல்லாதவர்கள் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டு வந்தவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெரிய தலைவலி. அது இல்லாத திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதலாம் என்று 2015-இல் அரசாணை வந்தது, ஆனால் இப்போதைய நிலை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிக்கையில் நம்மைப் பற்றிய பத்தியை ஒரு வரி விடாமல் படியுங்கள். பாலினம் என்ற இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, மகளிருக்கான 30 சதவீதத்தில் நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்பது மாறும். அவசரத்தில் எதையாவது அழுத்திவிடாதீர்கள். நம்மைப் போல் திருநங்கையான பிரித்திகா யாஷினி போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பித்தபோது நமக்கென்று அந்தக் கட்டமே இல்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் வேலை வாங்கினார்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 200-இல் 100 கேள்வி தமிழ். ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் புத்தகங்களை மூன்று முறை முடித்தேன். கடை கடையாகக் காசு கேட்கப் போகும் நாட்களில் காலை போய்விடும், அதனால் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் படிப்பு. நாங்கள் சேர்ந்து வாழும் ஜமாத்தில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் அதுவும் அம்போ. கணக்கு மட்டும் எனக்கு வரவே வராது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வசூலை எண்ணும்போது, ஜமாத்தில் எங்களுக்குத் தாய் மாதிரி இருக்கும் குருவம்மா, "எனக்கு ரெண்டு பங்கு, உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு" என்றார். 1,500 ரூபாயை யோசிக்காமல் 600, 300, 300, 300 என்று பிரித்து வைத்துவிட்டேன். விகிதக் கணக்கு என்பது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அரசியலமைப்பும் அப்படியே. 14, 15, 16, 19, 21 என்று சட்டப்பிரிவு எண்களைச் சும்மா மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துவிடும். 2014 ஏப்ரல் 15 அன்று நம்மை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு இந்தப் பிரிவுகளின் மேல்தான் நிற்கிறது. நம்மைப் பற்றிய தீர்ப்பாயிற்றே, அதை வைத்துப் படித்தேன், மறக்கவே இல்லை.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கழிவறைக்குப் பயந்து முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. பத்தரைக்கெல்லாம் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஹார்மோன் சிகிச்சையில் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். தண்ணீரை நிறுத்தினால் இன்னும் மோசம். தேர்வு நாளில் அந்த மாத்திரையை எந்த நேரத்துக்குப் போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முந்தின நாளே போய் மையத்தைப் பார்த்துவிடுங்கள். நான் 2024-இல் அப்படித்தான் போனேன். பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். அப்புறம், "பின்னாடி டீச்சருங்க பாத்ரூம் இருக்கு, நாளைக்கு நான்தான் டூட்டி, வா" என்றார்.

மறுநாள், ஜூன் 9, எட்டரைக்கே பெண்கள் வரிசையில் நின்றேன். சோதித்த பெண் காவலர் கைப்பையைத் திறந்து பார்த்தார். இரண்டு கறுப்பு மைப் பேனா, ஆதார், ஹால் டிக்கெட். "போங்க" என்றார். அறையில் கண்காணிப்பாளர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். இந்தத் தடவை கணக்குப் பகுதிக்கு நாற்பது நிமிடம் மிச்சமிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குருவம்மா தேர்வைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாடி?" என்றார்.

"யாரும் கூப்பிடவே இல்லம்மா. நம்பரைப் பாத்தாங்க, உக்காருன்னாங்க."

"சரி, சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினார்.